ஏற்காட்டு வீட்டில் 34 பேருக்குக் கிறிஸ்துமஸ் இரவு விருந்து: ஏழு மணிக்குப் பந்தி போட எப்போது அடுப்பு மூட்ட வேண்டும்?

மலைவீட்டு மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாப்பேட்டை. திருமணமாகி ஏற்காட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கிறிஸ்துமஸ் அன்று இரவு, சேலத்திலும் ஆத்தூரிலும் இருக்கும் உறவினர்கள் அனைவரையும் அழைத்து விருந்து வைப்பது என் புகுந்த வீட்டு வழக்கம். மாமியார் இருந்தவரை அந்தப் பொறுப்பு முழுவதும் அவருடையது. எதை எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற்ற வேண்டும், எதை எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கைக்கணக்கில் இருந்ததே தவிர, எழுதி வைத்ததில்லை. நானும் அருகில் நின்று வெங்காயம் நறுக்கினேனே ஒழிய, நேரத்தைக் கவனித்ததில்லை. அவர் காலமான பிறகு, சென்ற ஆண்டுதான் முதன்முறையாக நானே முன்னின்று சமைத்தேன்.

ஏழரை மணிக்குப் பந்தி என்று சொல்லியிருந்தேன். இலை போட்டபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தாளிச்சாவுக்குப் போட்ட துவரம்பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் மலரவில்லை. எடுத்து நசுக்கிப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் பொட்டுடன் விரலுக்கு அடியில் உருண்டது. பிரியாணி அண்டாவில் தண்ணீர் ஊற்றிய பிறகு கொதி வருவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு பர்னர்களும் அகப்பட்டுக்கொண்டதால், கோழி வறுவலுக்கு அடுப்பே கிடைக்கவில்லை. நாத்தனாரின் சின்ன மகள் காலில் செருப்போடு சோபாவிலேயே தூங்கிவிட்டாள். இரவோடு இரவாக மலை இறங்க வேண்டியிருந்த என் பெரியம்மா குடும்பம், தூக்குவாளியில் பிரியாணியை வாங்கிக்கொண்டு சாப்பிடாமலே புறப்பட்டது. வீட்டுக்கு வந்தவர்களைப் பசியோடு அனுப்பிய அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இந்த ஆண்டு 34 பேர் வருகிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள், ஐந்து பேர் சைவம். மட்டன் பிரியாணி, தாளிச்சா, பள்ளிபாளையம் முறையில் கோழி வறுவல், தயிர்ப் பச்சடி, சைவர்களுக்கு வெள்ளைச் சோறு, காய்கறிக் குருமா, ரசம், கடைசியில் ஜவ்வரிசிப் பாயசம் என்று முடிவு செய்திருக்கிறேன். கேக் முன்பே தயாராகிவிடும். என்னிடம் இருப்பது இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று, இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்று, 10 லிட்டர் குக்கர், 5 லிட்டர் குக்கர், 25 லிட்டர் அண்டா. பின்கட்டில் தகரக் கொட்டகையின் கீழ் ஒரு விறகடுப்பு இருக்கிறது. மாமியாருக்குப் பிறகு அதை நாங்கள் மூட்டியதில்லை. சமையல் குறிப்புகளை யாரும் தர வேண்டாம், அவை என்னிடம் இருக்கின்றன. எந்த வேலையை எந்த மணிக்குத் தொடங்க வேண்டும், எதை முதல்நாளே முடித்துவிடலாம் என்பதை மட்டும் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், ஏற்காடு:

உங்கள் பருப்பு வேகாததற்குக் காரணம் உங்கள் கைப்பக்குவம் அன்று, நாம் குடியிருக்கும் உயரம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு பாகை குறையும் என்று கொண்டால், சேலத்தில் 99 பாகையில் கொதிக்கும் நீர் இங்கே 95 பாகையிலேயே கொதிக்கிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் நீர் விரைவாக ஆவியாகுமே தவிர, அந்த 95 பாகைக்கு மேல் சூடேறாது. நான்கு பாகைதானே என்று தோன்றும். ஆனால் பருப்பும் எலும்புக் கறியும் மெத்தென்று வேகும் வேகம் அந்த நான்கு பாகையிலேயே கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துவிடும்.

குக்கருக்குள் நிலைமை வேறு. குண்டு போட்ட குக்கர், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு காற்றுமண்டல அளவு அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கீழே அதற்குள் 120 பாகையை ஒட்டி இருக்கும் வெப்பம், இங்கே இரண்டு மூன்று பாகைதான் குறைகிறது. அதனால் சேலத்தில் நான்கு விசில் விடும் பருப்புக்கு இங்கே ஐந்து விசில் விட்டால் சரியாகிவிடும். பருப்பு, கறி இரண்டையும் இந்த ஊரில் திறந்த பாத்திரத்தில் வேக வைக்கத் திட்டமிடவே கூடாது.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு பருப்பு வெந்துகொண்டிருக்கும்போதே புளிக்கரைசலையோ தக்காளியையோ சேர்த்தீர்களா? புளிப்பு சேர்ந்தால் பருப்பு இறுகிப்போய், வேகும் நேரம் மிகவும் நீண்டுவிடும். உயரமும் புளிப்பும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் நீங்கள் சொன்ன ஒன்றரை மணி நேரம் எனக்கு வியப்பளிக்கவில்லை.

வறுவலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. எண்ணெயின் வெப்பம் நீரின் கொதிநிலையைச் சார்ந்ததன்று. அதனால் வெங்காயம் வதங்குவதற்கும் கோழி வறுபடுவதற்கும் இங்கேயும் சேலத்திலும் பெரிய வேறுபாடு இல்லை.

செவ்வாய்ப்பேட்டை சமையல் மாஸ்டர்:

வணக்கம் தங்கச்சி. 27 ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளில் சமைத்து வருகிறேன். ஏற்காட்டிலும் பல விசேஷங்களுக்கு வந்து சமைத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன உயரக் கணக்கு முழுவதும் உண்மை. ஆனால் உங்கள் பிரியாணி தாமதமானதற்குப் பெரிய காரணம் அது அன்று. வீட்டுச் சமையலிலிருந்து விருந்துச் சமையலுக்கு வரும் எல்லோரும் தடுக்கி விழும் இடம் வேறு ஒன்று இருக்கிறது.

ஒரு கிலோ அரிசிக்குப் பழகிய கை, நான்கு கிலோவுக்கு மாறும்போது எல்லா நேரமும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. கொதி வந்த பிறகு அரிசி வேகும் நேரம் உண்மையில் அப்படியேதான் இருக்கும். ஒரு கிலோவானாலும் பத்துக் கிலோவானாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கொதி வருவதற்கு ஆகும் நேரம், அதே தீயில், அளவோடு சேர்ந்து பெருகும். வீட்டு அடுப்பின் பெரிய பர்னரில் ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நான்கு நிமிடத்தில் கொதிக்கிறது என்றால், 9 லிட்டருக்கு அரைமணி நேரம் வேண்டும். அதோடு ஆறிப்போன கறியும் மசாலாவும் அண்டாவின் எடையும் சேர்ந்தால், நீங்கள் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் திட்டத்தில் எங்குமே எழுதப்பட்டிருக்காது. வெங்காயம் வதக்குவதும் அப்படித்தான்: அரைக் கிலோ வெங்காயம் பத்து நிமிடத்தில் நிறம் மாறும், இரண்டு கிலோ வெங்காயம் முதலில் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் வற்றி, அதன் பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும்.

ஆகவே நான் எப்போதும் இலை போடும் நேரத்தை முதலில் சுவரில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித்தான் வருவேன். நீங்கள் ஏழு மணிக்கு இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி அண்டாவை 6.45க்குத் திறக்க வேண்டும். தம் அரைமணி நேரம், அப்படியானால் 6.15க்கு மூடி போட வேண்டும். சீரகச் சம்பா உலையில் வெந்து, தண்ணீர் மட்டம் அரிசியோடு நிற்க இருபது நிமிடம், ஆக 5.55க்கு அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரைச் சூடாக ஊற்றினால் கொதி வர இருபது நிமிடம், குளிர்ந்த தண்ணீராக ஊற்றினால் ஒரு மணி நேரம். அதற்கு முன் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, தயிர் எல்லாம் வதங்கி எண்ணெய் பிரிய ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் 4.30க்கு அண்டாவில் எண்ணெய் காய வேண்டும். அரிசியை 5.25க்கு ஊறப்போட்டால் போதும். முன்கூட்டியே ஊற வைத்துவிட்டால் சீரகச் சம்பா தம்மில் உடைந்து குழைந்துவிடும்.

நான்கு கிலோ அரிசிக்கு நான்கு முதல் ஐந்து கிலோ கறி எடுங்கள். உங்கள் 10 லிட்டர் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் கறியை இரண்டு தடவையாகத்தான் வேக வைக்க முடியும். குக்கர் சூடாகி, விசில் வந்து, வெந்து, ஆவி தானாக அடங்கும் வரை ஒரு தடவைக்கு ஐம்பது நிமிடம் ஒதுக்குங்கள். ஆவி அடங்கும் பதினைந்து நிமிடத்தைக் கணக்கில் எழுத மறப்பவர்கள் மிகவும் அதிகம்.

கடைசியாக, பின்கட்டு விறகடுப்பைக் கட்டாயம் மூட்டுங்கள். 25 லிட்டர் அண்டாவின் அடிக்கு வீட்டு பர்னர் போதாது. நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் சூடே ஏறாது. உங்கள் ஊரில் காப்பிச் செடி கவாத்து விறகு கிடைக்குமே, நன்றாக உலர்ந்ததாக இருந்தால் அது நின்று எரியும், தணலும் வலுவாக விழும். அந்தத் தணலை அள்ளி மூடி மேல் பரப்பினால் தம்முக்கு வேறு எதுவும் தேவையில்லை. அண்டா வெளியே போய்விட்டால் உள்ளே இரண்டு பர்னரும் இன்டக்‌ஷனும் உங்கள் கையில் மிச்சமாக இருக்கும். சென்ற ஆண்டு உங்களுக்குக் குறைந்தது நேரம் அன்று, தீ.

மலைவீட்டு மருமகள்:

ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். பருப்போடு கத்தரிக்காய், தக்காளி, புளி மூன்றையும் ஒன்றாகவே போட்டிருந்தேன். பிறந்த வீட்டில் அம்மா அப்படித்தான் செய்வார், அங்கே வெந்துவிடும். மாஸ்டர் அண்ணா, கொதி வரும் நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மாமியார் மாலையில் ஏன் எப்போதும் ஒரு பெரிய குண்டானில் சும்மா வெந்நீர் வைத்துக்கொண்டே இருப்பார் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. விறகடுப்பை மாமனார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். 24ஆம் தேதி இரவு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து படுக்க இரண்டு மணி ஆகிவிடும். ஆகவே மறுநாள் காலையில் உடம்பு ஒத்துழைக்காது. முதல்நாளே எதையெல்லாம் முடித்துவிடலாம்?

அஸ்தம்பட்டி பாட்டி:

மகளே, நானும் நாற்பது வருடம் கூட்டுக் குடும்பத்துக்குச் சமைத்தவள் என்பதால் சொல்கிறேன். விருந்தில் நேரத்தை விழுங்குவது அடுப்பு மட்டுமல்ல, அரிவாள்மணையும்தான். பள்ளிபாளையம் வறுவலுக்குச் சின்ன வெங்காயமும் கிள்ளிய வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும்தான் உயிர். நான்கு கிலோ கோழிக்கு ஒன்றரைக் கிலோ சின்ன வெங்காயமாவது வேண்டும். அதை ஒரு ஆள் உட்கார்ந்து உரித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவிட்டு உரித்தால் தோல் எளிதில் கழன்று வரும். இந்த வேலையை 24ஆம் தேதி பகலில், கோவிலுக்குக் கிளம்பும் முன், இரண்டு பேராக உட்கார்ந்து முடித்துவிட வேண்டும். இஞ்சி பூண்டு அரைப்பது, தேங்காய் சில்லு போடுவது, பட்டை, கிராம்பு, ஏலக்காயை அளந்து சின்னப் பொட்டலமாகக் கட்டுவது, புதினாவையும் மல்லியையும் ஆய்ந்து துணியில் சுற்றி வைப்பது, மளிகைச் சாமான்களைச் சரிபார்ப்பது எல்லாம் அன்றைக்கே. மளிகை லீ பஜாரில் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடு. 25ஆம் தேதி ஏலக்காய் இல்லை என்று மலை இறங்க முடியாது.

முதல்நாள் செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பால் எடுத்து வைக்காதே. பச்சடிக்கு வெங்காயத்தை நறுக்கித் தயிரில் போடாதே, நீர் விட்டு நாற்றம் வந்துவிடும், 6.30க்குக் கலந்தால் போதும். ஏற்காட்டுக் குளிரை நம்பிச் சமைத்த கறியையும் சோற்றையும் இரவு முழுவதும் மேடையில் வைத்துவிடலாம் என்று நினைக்காதே. டிசம்பர் குளிர் நமக்குத்தான் குளிர். உணவில் பெருகும் கிருமிக்கு அது போதிய குளிர் அன்று. 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது. என் மகள் செவிலியராக இருக்கிறாள், அவள் இதில் மிகவும் கண்டிப்பு. மீந்த பிரியாணியை அண்டாவிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாமல், அகலத் தட்டுகளில் பரப்பி ஆற வைத்து, உடனே குளிர்பெட்டியில் ஏற்றிவிடு. சமைத்த அரிசியில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, மறுநாள் திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

இன்னொரு யோசனை. விருந்தாளிகள் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். மலைப்பாதையில் ஒரு கார் முன்னே வரும், ஒரு கார் ஒரு மணி நேரம் பின்னே வரும். வந்தவர்கள் கையில் ஏதாவது கொடுக்காவிட்டால் அடுப்படிக்கு வந்து நின்றுகொண்டு, இன்னும் ஆகவில்லையா என்று கேட்பார்கள். அதிலேயே நம் கை தடுமாறும். அதற்குச் சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டை விடச் சிறந்தது எது? தட்டுவடையை வாங்கிக்கொள்ளலாம், காரச் சட்னி, புதினாச் சட்னி இரண்டையும் காலையில் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம், பீட்ரூட்டும் கேரட்டும் துருவினால் போதும். அடுப்பே தேவையில்லை. அதை அடுக்கிக் கொடுக்கும் பொறுப்பைப் பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிடு, அவர்களுக்கும் அது உற்சாகம்.

மாஸ்டர் தம்பி ஒரே பந்தியாக எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்னக் குழந்தைகளையும் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களையும் 6.30க்கே உட்கார வைத்து, சோறு, ரசம், கொஞ்சம் வறுவல் என்று போட்டு முடித்துவிடுவதுதான் நல்லது. அவர்கள் பிரியாணிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசைக்கு ஒரு கரண்டி பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

சேலம் – ஏற்காடு தினப் பயணி:

சமையல் எனக்குத் தெரியாது; சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 25ஆம் தேதி விடுமுறை என்பதால் பிற்பகலில் அடிவாரத்திலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் உறவினர்களை மூன்று மணிக்குள் சேலத்தை விட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். அன்றே திரும்புபவர்கள் எட்டரைக்குள் இறங்கத் தொடங்கினால் நல்லது. டிசம்பர் இரவில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் பத்தடிகூடத் தெரியாத நேரம் உண்டு. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. ஆத்தூர்ப் பக்கத்து உறவினர்கள் குப்பனூர் வழியாக ஏறினால் அடிவார நெரிசல் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் பழக்கமில்லாதவர்கள் பகலிலேயே ஏறிவிட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை சமையல் மாஸ்டர்:

அம்மா சொன்ன முன்பந்தியை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். சாலைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஏழு மணி இலை என்பதில் எந்த மாற்றமும் வேண்டாம்.

இரண்டு மூன்று செய்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் பிரியாணி வெகு சீக்கிரம் ஆறிவிடும். அண்டாவைத் திறந்ததும் முழுவதையும் கிளறாதீர்கள். ஒரு ஓரத்திலிருந்து மேலிருந்து கீழ் வரை தோசைக்கரண்டியால் வெட்டி எடுத்துப் பரிமாறும் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, உடனே மூடி, மேலே தணலை அப்படியே விட்டுவையுங்கள். கடைசிப் பந்திக்கும் ஆவி பறக்கும்.

ஜவ்வரிசிப் பாயசம் ஆற ஆற இறுகும். சேலத்து ஜவ்வரிசியாயிற்றே, நன்றாகவே இறுகும். கஞ்சி போல ஓடுகிற பதத்தில் இறக்குங்கள், ஒரு லிட்டர் காய்ச்சிய பாலைத் தனியே சூடாக வைத்துக்கொண்டு, பரிமாறும் முன் கலந்து பதம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டர் முழுதாக இருக்கட்டும். குளிர் நேரத்தில், பாதிக்கு மேல் தீர்ந்த சிலிண்டரில் இரண்டு பர்னரையும் மணிக்கணக்கில் எரித்தால் சிலிண்டரே சில்லிட்டுப்போய், தீ தாழ்ந்துவிடும். அப்போது அதன்மேல் வெந்நீர் ஊற்றுவது, அடுப்பருகே நகர்த்துவது போன்ற செயல்களை யாரும் செய்துவிடக் கூடாது. மாற்றுச் சிலிண்டர் ஒன்றைத் தயாராக வைத்திருப்பதே வழி.

மலைவீட்டு மருமகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உட்கார்ந்து எழுதிவிட்டேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

24ஆம் தேதி காலை பத்து மணிக்கு நானும் நாத்தனாரும் வெங்காயம், இஞ்சி, பூண்டு, தேங்காய், புதினா வேலைகளைத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடிக்கிறோம். பாத்திரங்களையும் பரிமாறும் கரண்டிகளையும் கழுவி, எந்தப் பாத்திரம் எந்தப் பதார்த்தத்துக்கு என்று சீட்டு எழுதி உள்ளே போட்டுவிடுகிறோம். 25ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் கறியும் கோழியும் வந்துவிடும். கோழிக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பத்து மணிக்குக் கறியை இரண்டு தடவையாகக் குக்கரில் வேக வைக்கிறேன், பன்னிரண்டுக்குப் பருப்பு. பகல் உணவுக்கு இட்லி மட்டும்தான், காலையிலேயே அவித்துவிடுகிறேன். இரண்டு மணி வரை ஓய்வு. 2.30க்கு இன்டக்‌ஷனில் குருமா, 3.30க்கு அதே அடுப்பில் பாயசம். நான்கு மணிக்கு மாமனார் விறகடுப்பை மூட்ட, 4.30க்கு அண்டாவில் எண்ணெய். ஐந்து மணிக்கு உள்ளே ஒரு பர்னரில் பெரிய குண்டானில் 9 லிட்டர் வெந்நீர், இன்னொன்றில் முதல் தடவை வறுவல், 5.40க்கு இரண்டாம் தடவை. 5.35க்கு வெந்நீர் அண்டாவுக்குப் போய்விடும் என்பதால், அந்தப் பர்னரில் முன்பந்திக்கான சோறு 5 லிட்டர் குக்கரில் 5.40க்கு ஏறும். ஆறு மணிக்கு இன்டக்‌ஷனில் ரசம். 6.20க்கு வேக வைத்த பருப்பில் புளியும் காயும் சேர்த்துத் தாளிச்சாவைக் கூட்டுகிறேன். 6.30க்குக் குழந்தைகள் பந்தி, ஏழு மணிக்குப் பெரியவர்கள்.

செவ்வாய்ப்பேட்டை சமையல் மாஸ்டர்:

பெரும்பாலும் நன்றாகவே அமைந்திருக்கிறது, தங்கச்சி. மூன்று இடங்களை மட்டும் மாற்றுங்கள்.

பத்து மணிக்கு வேகும் கறி, மாலை ஐந்தேகாலுக்குத்தான் அண்டாவில் விழும். பன்னிரண்டு மணிப் பருப்பு ஆறரை வரை மேடையில் காத்திருக்கும். அம்மா சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கை இரண்டுமே தாண்டிவிடுகின்றன. கறியைக் காலையில் கழுவித் தயிரும் மஞ்சளும் உப்பும் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, குக்கரில் 2.15க்கு முதல் தடவை, 3.05க்கு இரண்டாம் தடவை ஏற்றுங்கள். நான்கு மணிக்கு இரண்டும் முடிந்துவிடும். வெந்த சாறோடு மூடி வைத்தால் ஐந்தேகாலுக்குச் சூடாகவே அண்டாவில் விழும், கொதி வரும் நேரமும் அதனால் குறையும். கறி வெந்த சாற்றை அளந்து, அந்த அளவை 9 லிட்டரில் கழித்துக்கொண்டு வெந்நீர் ஊற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் சோறு குழைந்துவிடும்.

பருப்பை 5 லிட்டர் குக்கரில் நான்கு மணிக்கு ஏற்றி, 4.50க்குத் திறந்துவிடுங்கள். புளியும் கத்தரிக்காயும் சேர்ப்பதை 6.20க்குத் தள்ள வேண்டாம். உங்கள் ஊர்க் கொதியில் கத்தரிக்காய்க்கு இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும், 6.20க்கு உங்கள் கண் முழுவதும் தம் மேல்தான் இருக்க வேண்டும். பாயசம் 4.30க்கு இறங்கியதும், 5.10க்கு இன்டக்‌ஷனில் தாளிச்சாவைக் கூட்டி, 5.50க்கு இறக்கி மூடி, விறகடுப்பின் ஓரத்தில் தணல் பக்கமாக வைத்துவிடுங்கள். ஏழு மணி வரை ஆறாது.

குருமாவுக்கும் இதே கணக்குத்தான். 2.30க்கு அதைச் சமைத்தால் ஏழு மணிக்குள் தேங்காய் திரிந்துவிடக்கூடும். காய்களை மட்டும் அரிந்து வைத்துக்கொண்டு, 4.10க்கு இரண்டாவது பர்னரில் ஏற்றுங்கள். வறுவலுக்கு அந்தப் பர்னர் ஐந்து மணிக்குத்தான் தேவைப்படுகிறது. அரைத்த தேங்காயை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன் சேர்த்து, இறக்கிய பிறகு தாளிச்சாவுக்குப் பக்கத்திலேயே அதையும் தணல் ஓரத்தில் வைத்துவிடுங்கள்.